சௌரி சௌரா: இரண்டு நினைவுச்சின்னங்களும் ஒரு கேள்வியும்

சென்ற குளிர்காலத்தில் நண்பர் ஒருவரின் வீட்டில் ஐந்தாறு பேர் கூடிக் கதைத்துக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, வழக்கம்போல, எது போராட்டம், எது வெறும் வன்முறை என்ற இடத்தில் வந்து நின்றது. "சௌரி சௌராவில் எரித்தவர்கள்தான் தேசபக்தர்கள். போராட்டத்தை நிறுத்திய காந்தி செய்தது துரோகம்" என்றார் ஒருவர். "இருபது பேரை உள்ளே வைத்துக் கொளுத்தியவர்கள் தேசபக்தர்கள் என்றால், இவ்வளவு காலமும் நாங்கள் எதைக் கண்டித்து எழுதினோம்?" என்று மற்றவர் திருப்பிக் கேட்டார். இருவருமே சௌரி சௌராவைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கடைசி ரயிலைப் பிடிக்க ஓடியதால் விவாதம் பாதியில் நின்றது. மீதியை இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

என் தலைமுறையினருக்குச் சௌரி சௌரா பாடப்புத்தகத்தில் ஒரே வசனம். ஒத்துழையாமை இயக்கம் வன்முறையாக மாறியதால் காந்தி அதை நிறுத்தினார் என்பதோடு முடிந்துவிடும். 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்து போனதை எங்கள் அப்பு கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியான வீட்டில், காந்தி நிறுத்தினார் என்றால் அது சரியாகத்தான் இருக்கும். யார் எரித்தார்கள், ஏன் எரித்தார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு புகலிடத்தில் ஒரு நூலகத்தில் வரலாற்றாசிரியர் ஷாஹித் அமீன் 1995ல் வெளியிட்ட நூலைப் படித்தபோதுதான் அந்த ஒரே வசனத்துக்குள் எத்தனை பேர் மறைந்து கிடக்கிறார்கள் என்பது தெரிந்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடம், அன்றைய ஐக்கிய மாகாணத்தின் கோரக்பூர் மாவட்டம். 1921 பெப்ரவரி 8ம் திகதி காந்தி கோரக்பூருக்கு வந்து போனார். அவரைப் பார்க்கப் பெருந்திரளான மக்கள் கூடினார்கள். அதையொட்டிய மாதங்களில் அவரைப் பற்றிய அற்புதக் கதைகள் ஊர் ஊராகப் பரவின. 1922ன் தொடக்கத்தில் சௌரா பொலிஸ் நிலையத்துக்கு அருகேயுள்ள டும்ரி கிராமத்தில் விவசாயிகள் தொண்டர்களாகப் பெயர் பதிந்தார்கள். அகிம்சை வழி நிற்போம் என்ற உறுதிமொழியும் அதில் அடங்கும். அருகிலிருந்த முண்டேரா சந்தை ஒரு ஜமீன்தாருக்குச் சொந்தமானது. அங்கே சாராயத்துக்கு எதிராகவும் இறைச்சி, மீன் நியாய விலைக்கு விற்கப்பட வேண்டும் என்றும் மறியல் செய்யத் தொண்டர்கள் முயன்றார்கள். பொலிஸ் உப பரிசோதகர் குப்தேஷ்வர் சிங் அவர்களை அடித்தார். அடிபட்டவர்களில் பகவான் அஹீர் என்பவர் முன்னாள் படைவீரர். அரசிடமிருந்து ஓய்வூதியம் பெற்றுக்கொண்டிருந்தவர்.

பெப்ரவரி 4ம் திகதி சனிக்கிழமை, ஏன் அடித்தாய் என்று கேட்பதற்காகத் தொண்டர்கள் டும்ரியில் கூடி ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். பொலிஸ் நிலையத்தின் முன்னால் வாய்த்தர்க்கம் ஏற்பட்டது. பொலிஸார் முதலில் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். யாருக்கும் காயமில்லை. காந்தியின் அருளால் குண்டுகள் தண்ணீராகிவிட்டன என்று கூட்டம் ஆர்ப்பரித்ததாகச் சொல்லப்படுகிறது. பிறகு கற்கள் பறந்தன. பொலிஸார் கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். ஊர்வலத்தினர் சிலர் செத்து விழுந்தார்கள். ஆத்திரமடைந்த கூட்டம் முன்னேற, பொலிஸார் நிலையத்துக்குள் ஓடிப் பதுங்கினார்கள். மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டு நிலையம் கொளுத்தப்பட்டது. வெளியே ஓடி வந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். இறந்தோர் தொகை 22 என்றும் 23 என்றும் கணக்குகள் உண்டு. அவர்களில் கிராமக் காவற்காரர்களும் அடக்கம். ஒருவர்கூட வெள்ளைக்காரர் இல்லை.

காந்தி அப்போது பர்தோலியில் வரிமறுப்புப் போராட்டத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பெப்ரவரி 12ல் காங்கிரஸ் செயற்குழு அங்கே கூடி, நாடளாவிய சட்டமறுப்பு இயக்கத்தை இடைநிறுத்தியது. அவர் ஐந்து நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். சிறையில் இருந்த நேரு முதலானோர் அதிர்ந்து போனார்கள். மார்ச் மாதம் காந்தியே கைதாகி ஆறு ஆண்டுத் தண்டனை பெற்றார். அந்த விசாரணையில் பொம்பாய், சென்னை, சௌரி சௌரா ஆகிய இடங்களில் நடந்த வன்செயல்களுக்கான பொறுப்பிலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ள முடியாது என்று அவர் ஏற்றுக்கொண்டார். வேல்ஸ் இளவரசரின் வருகையையொட்டி 1922 ஜனவரியில் சென்னையில் நடந்த கலவரமும் இந்தப் பட்டியலில் உண்டு என்பதைத் தமிழர்களாகிய நாம் பொதுவாக நினைவுகூர்வதில்லை.

தலைவருக்கு ஆறு ஆண்டுகள். தொண்டர்களுக்கு? 200க்கும் மேற்பட்டோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1923 ஜனவரியில் கோரக்பூர் நீதிமன்றம் 172 பேருக்கு மரணதண்டனை விதித்தது. பெர்லினில் தஞ்சமிருந்தபடி பத்திரிகை நடத்திய எம்.என்.ரோய் இதைக் கடுமையாகக் கண்டித்தார். மேன்முறையீட்டில் மதன் மோகன் மாளவியா வாதாடினார். ஏப்ரலில் அலகாபாத் உயர்நீதிமன்றம் 19 பேரின் மரணதண்டனையை உறுதி செய்தது. எஞ்சியோரில் பெரும்பாலானோருக்கு நீண்ட சிறை. பகவான் அஹீர், நஸார் அலி, லால் முகம்மது, அப்துல்லா உட்பட 19 பேரும் அதே ஆண்டு ஜூலையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இனி நண்பர்களின் விவாதத்துக்கு வருகிறேன்.

காந்தி துரோகம் செய்தார் என்ற வாதத்துக்கு ஒரு வலுவான அடிப்படை உண்டு. பர்தோலித் தீர்மானம் வன்முறையைக் கண்டித்ததோடு நிற்கவில்லை. ஜமீன்தார்களுக்கு விவசாயிகள் குத்தகை கொடுக்காமல் விடுவது காங்கிரசின் தீர்மானங்களுக்கு முரணானது என்றும் அது சொன்னது. பொலிஸ் நிலையம் எரிந்ததற்கும் குத்தகைக்கும் என்ன தொடர்பு? ரஜனி பாமி தத் 1940ல் எழுப்பிய இந்தக் கேள்விக்குக் காந்தி பக்தர்களிடமிருந்து திருப்தியான பதிலை நான் இன்னும் வாசிக்கவில்லை. அகிம்சையின் பெயரால் சொத்துரிமையும் பாதுகாக்கப்பட்டது என்பது உண்மை.

ஆனால் இந்த உண்மை, எரித்ததை நியாயமாக்கிவிடாது. பொலிஸார் சீண்டினார்கள் என்பதைக் காந்தியும் மறுக்கவில்லை. செயலிழந்து போய், கூட்டத்தின் இரக்கத்தை நம்பி நின்றவர்களைக் கொல்வதை எந்தச் சீண்டலாலும் நியாயப்படுத்த முடியாது என்பதே அவரது வாதம். அவருடைய வர்க்கச் சார்பைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்த வாதம் நிற்கிறது. நிலையத்துக்குள் ஓடிப் பதுங்கியவனிடம் அப்போது ஏகாதிபத்தியம் இல்லை, பயம்தான் இருந்தது. அவனும் பக்கத்து ஊரவன். மாதச் சம்பளத்துக்கு உடுப்புப் போட்டவன். எங்கள் ஊர்களிலும் தமிழ்ப் பொலிஸார் சுடப்பட்டபோது, 'துரோகி' என்ற ஒரு சொல்லோடு நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அந்த மௌனத்தின் விலை எவ்வளவு என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் அவர்கள் வெறும் வன்முறைக் கும்பலா? அதுவும் இல்லை. உறுதிமொழி எடுத்தவர்கள், சந்தையில் நியாய விலை கேட்டவர்கள், அடித்தவனிடம் காரணம் கேட்கப் போனவர்கள் இவர்கள். பொலிஸ் நிலையம் எரிந்த பிறகும் காந்தியின் பெயரைத்தான் முழங்கினார்கள். காந்திக்கு அவர்கள் செய்தது குற்றம். அவர்களுக்கோ அது காந்தி ராஜ்யம் வந்துவிட்ட நாள். தேசபக்தியும் வன்முறையும் எதிரெதிரான இரண்டு பெட்டிகள் என்று எண்ணிக்கொண்டு, இதில் எந்தப் பெட்டிக்குள் இவர்களைப் போடுவது என்று கேட்பதுதான் எங்கள் தவறு. ஒரே மனிதன் ஒரே நாளில் இரண்டுமாக இருக்கலாம். இருந்தான்.

அரசுகளுக்கு இது வசதியில்லை. ஆங்கில அரசு இறந்த பொலிஸாருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியது. சுதந்திரத்துக்குப் பிறகு அதே சின்னத்தில் 'ஜெய் ஹிந்த்' என்று பொறிக்கப்பட்டது. தூக்கிலிடப்பட்டவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப உள்ளூர் மக்கள் எழுபதுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1982ல்தான் அரசின் சார்பில் தியாகிகள் நினைவகத்துக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். பிறகு ஒரு ரயிலுக்கு அந்த ஊரின் பெயர் வைக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 4ல் பிரதமர் மோடி நூற்றாண்டு விழாவைத் தொடக்கி வைத்தார், தபால்தலையும் வெளியானது. ஆக, கொன்றவர்களுக்கும் கொல்லப்பட்டவர்களுக்கும் அதே ஊரில், அதே தேசத்தின் பெயரால், தனித்தனி நினைவுச்சின்னங்கள். இரண்டையும் சேர்த்து வாசிக்க அரசு யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஆவணங்களின் கதை. 1923ல் தூக்குக் கயிற்றிலிருந்து தப்ப, குற்றஞ்சாட்டப்பட்டவர் "நான் அங்கே இல்லை" என்று சொல்ல வேண்டியிருந்தது. நடந்ததை விரிவாகச் சொன்னவர் அப்ரூவராக மாறிய மீர் ஷிக்காரி. தன் உயிரைக் காக்கத் தோழர்களைக் காட்டிக்கொடுத்த அந்த வாக்குமூலம்தான் வரலாற்றாசிரியருக்கும் பெரிய ஆதாரம். 1972ல் இந்திய அரசு சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதைப் பெறச் சிறையிருந்ததற்கான அத்தாட்சி வேண்டும். அதாவது, இப்போது "நான் அங்கே இருந்தேன்" என்று சொல்ல வேண்டும். குற்றவாளி என்று எழுதிய தாளே தேசபக்தர் என்பதற்கும் சான்றிதழ்.

இதை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது என் சொந்தக் கதை. நான் சில ஆண்டுகள் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்தவன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரிடம், அவர் ஊரில் கலந்துகொண்ட ஊர்வலம் அமைதியானதா, வன்முறையானதா என்று அதிகாரி கேட்டார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காலமை அமைதியாத்தான் போனது. பின்னேரம் அப்பிடி இல்லை" என்றார். ஊரில் ஆமியிடம் 'நான் ஊர்வலத்துக்கே போகவில்லை' என்று சொல்லித் தப்பிய மனிதர் அவர். இங்கே வந்துதான் முதன்முறையாக உண்மையைச் சொன்னார். நான் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

அவருக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. நான் செய்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளன் என்ற வகையில் அது பெரிய பிழை. மனிதன் என்ற வகையில் திரும்பவும் செய்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எங்கோ ஓர் அலுவலகக் கோப்பில் அந்த ஊர்வலம் காலையோடு முடிந்துவிட்டது. பின்னேரம் யாருடைய கடை எரிந்தது, யார் அடிபட்டார் என்பது அதில் இல்லை. 'கேஸ் எழுதுவது' என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்கிறோம். புகலிடத்தில் ஆயிரக்கணக்கான கேஸ்கள் இப்படித்தான் எழுதப்பட்டன. நாளை எங்கள் வரலாற்றை எழுத வருபவன் இந்தக் கோப்புகளைத்தான் புரட்டப் போகிறான்.

உயிருக்கும் விசாவுக்கும் பயந்து சொன்ன பொய்களுக்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது வதிவிட உரிமையோடு இருக்கும் எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: தேசபக்தியா வன்முறையா என்ற தீர்ப்பைக் கொஞ்சம் ஒத்திவைப்போம். முதலில் காலையையும் பின்னேரத்தையும் சேர்த்து எழுதுவோம். சுடப்பட்டவரின் பெயரையும் எரிக்கப்பட்டவரின் பெயரையும் தூக்கிலிடப்பட்டவரின் பெயரையும் ஒரே தாளில் எழுதுவோம். அதற்குப் பிறகும் எங்களுக்குள் சண்டை இருக்கும். இருக்கட்டும். அது நடந்ததைப் பற்றிய சண்டையாக இருக்கும்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுத வேண்டும். அந்தக் கடைசி ரயிலில் என்னோடு வராத இரு நண்பர்களும் முதலில் எழுத வேண்டும்.