கம்பி மட்டும் போதாதபோது: தாடைச் சீரமைப்பு பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

“கம்பி போட்டால் தாடை உள்ளே போய்விடும்தானே, டாக்டர்?”

கீழ்த்தாடை முன்னால் நீண்ட பிள்ளையைப் பல் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. வளர்ந்து முடித்த பிள்ளை என்றால், போகாது என்பதே பதில். கம்பி பற்களைத்தான் நகர்த்தும். பற்கள் ஊன்றி நிற்கும் எலும்பே முன்னோ பின்னோ கோணலாகவோ அமைந்திருந்தால், கம்பியோடு அறுவை சிகிச்சையும் சேர வேண்டும்.

இதை வெறும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. முன்பற்கள் ஒன்றை ஒன்று தொடாத பிள்ளையால் மீகூனைக்கூடக் கடித்து நறுக்க முடியாது. நாக்கால் இழுத்து விழுங்கும். சில எழுத்துகளின் உச்சரிப்பு தடுமாறும். கீழ்த்தாடை மிகவும் பின்னால் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டுக் குறட்டை வரலாம். இவற்றோடு பள்ளியில் ‘கோணவாய்’ என்ற பட்டப்பெயரும் சேர்ந்துகொள்ளும். (வடமொழியில் ‘ஹனு’ என்றால் தாடை. இந்திரனின் அடி பட்டுத் தாடை சிதைந்ததால் வந்த பெயர்தான் அனுமன் என்பார்கள். அந்தப் பெயரை நாம் கும்பிட்டுக்கொண்டே பிள்ளைகளின் தாடையைக் கேலி செய்கிறோம்.)

பெரும்பாலும் இது பரம்பரை வழி வருவது. தாத்தாவின் படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிளவுபட்ட உதட்டோடும் அண்ணத்தோடும் பிறந்து, சிறுவயதில் அறுவை செய்துகொண்ட பிள்ளைகளுக்கு மேல்தாடை வளர்ச்சி குறைவாக இருக்கலாம். விபத்தும் ஒரு காரணம்.

வயதுதான் இங்கே முக்கியம். ஏழு வயதிலேயே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. எலும்பு வளரும் பருவத்தில், முகத்தில் மாட்டும் கருவியாலோ கழற்றி மாட்டும் கருவியாலோ வளர்ச்சியின் திசையைச் சில பிள்ளைகளுக்கு ஓரளவு திருத்த முடியும். அந்தப் பருவம் கடந்துவிட்டால், வளர்ச்சி நிற்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். பெண்களுக்குச் சுமார் 16 வயது, ஆண்களுக்கு 18 அல்லது அதற்கும் மேல். இடைவெளி விட்டு எடுத்த எக்ஸ்ரே படங்களை ஒப்பிட்டு, வளர்ச்சி நின்றதை நிபுணர் உறுதி செய்வார். அவசரப்பட்டு முன்பே அறுவை செய்தால், தாடை மறுபடியும் வளர்ந்து பழைய நிலைக்கே போகலாம்.

அடுத்து, பல குடும்பங்கள் தடுமாறும் கட்டம். அறுவைக்கு முன் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கம்பி போடுவார்கள். அந்த மாதங்களில் பிள்ளையின் வாய் முன்பைவிட மோசமாகத் தெரியும். நீண்ட கீழ்த்தாடைக்கு ஈடுகொடுக்க, கீழ்ப் பற்கள் உள்பக்கமாகவும் மேல் பற்கள் வெளிப்பக்கமாகவும் தாமாகவே சாய்ந்திருக்கும். உடல் செய்துகொண்ட அந்தச் சமாளிப்பைக் கம்பி கலைத்து, ஒவ்வொரு பல்லையும் அதன் எலும்பில் நேராக நிறுத்தும். மறைந்திருந்த இடைவெளி அப்போது முழுதாக வெளியே வரும். சாப்பிடுவதும் சிரமமாகும். ‘டாக்டர் கெடுத்துவிட்டார்’ என்று சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினால், தொடங்கியபோது இருந்ததைவிடக் கடிப்பு மோசமான நிலையில் பிள்ளை நின்றுவிடும். எனவே கம்பியை ஒட்டும் முன்பே, அறுவை வரை போக வீட்டில் எல்லோரும் சம்மதமா என்று பேசி முடிப்பது அவசியம். சிலருக்கு அறுவையை முதலில் செய்து கம்பியைப் பிறகு போடும் முறையும் உண்டு. ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது.

அறுவை முழு மயக்கத்தில் நடக்கும். பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறுவதால் முகத்தில் பெரிய தழும்பு விழாது. எலும்பைத் திட்டப்படி வெட்டி நகர்த்தி, சிறு டைட்டானியத் தகடுகளாலும் திருகுகளாலும் பொருத்துவார்கள். கீழ்த்தாடையை இரு பக்கமும் பிளந்து நகர்த்தும் முறை 1950களில் ஐரோப்பாவில் உருவானது; பலமுறை மேம்படுத்தப்பட்டு இன்றும் அதுதான் பெருவழக்கு. மருத்துவமனையில் சில நாள் தங்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு மூன்று நாளில் முகம் நன்றாக வீங்கும். பார்க்க வரும் உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், பிள்ளையின் முன்னால் அழாமல் இருப்பார்கள்.

முதலில் நீராகாரம், பிறகு மெல்லாமல் விழுங்கும் உணவு என்று சுமார் ஆறு வாரம் ஓடும். அரைத்த கஞ்சி, பருப்புத் தண்ணீர், வடிகட்டிய கோழி சூப், மைலோ எல்லாம் கைகொடுக்கும். எடை குறையும். ரொட்டி சானாய் கொஞ்ச காலம் காத்திருக்கட்டும். அதன்பின் கடிப்பைச் செம்மைப்படுத்த மேலும் சில மாதம் கம்பி இருக்கும். மொத்தத்தில் இரண்டு முதல் மூன்று ஆண்டுக் கதை இது.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கீழ் உதடும் மோவாயும் மரத்துப்போவது சாதாரணம். பலருக்கு மாதக்கணக்கில் சரியாகும், சிலருக்கு நிரந்தரமாகவே தங்கும். தொற்று, இரத்தக் கசிவு, தாடை சற்றுப் பின்வாங்குவது ஆகியவையும் உண்டு. புகைப்பவருக்குக் காயம் ஆறத் தாமதமாகும்.

எங்கே போவது? முதற்படி அருகிலுள்ள அரசாங்கப் பல் கிளினிக். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு பற்சீரமைப்பு நிபுணரிடம் போகலாம். அவரும் தாடை அறுவை நிபுணரும் சேர்ந்து திட்டமிடுவார்கள். அரசாங்கப் பிரிவில் கடுமையான நிலையில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை; காத்திருப்பும் நீளம். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற, பல் மருத்துவப் புலம் உள்ள பல்கலைக்கழகங்களிலும் விசாரிக்கலாம். தனியார் என்றால் கம்பி, அறுவை, மயக்க மருந்து, தகடு, அறைக் கட்டணம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். மருத்துவ அட்டை இதற்குப் பணம் தருமா என்பதைக் காப்புறுதி முகவரின் வாய்ச்சொல்லில் விடாமல், நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்து, ஹோட்டல் அறையிலும் அழகு நிலையத்திலும் மலிவாக ஒட்டப்படும் போலிக் கம்பி சட்டவிரோதம். தாடைக் கோளாறுள்ள பிள்ளைக்கு அது இரட்டை ஆபத்து. சிகிச்சை தருபவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்பதை, மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.