தறி என்பது நட்ட மரமே

ஆடையைத் தரிக்கிறோம், ஆகவே அதை நெய்யும் கருவி ‘தறி’ என்றொரு விளக்கம் ஆரணிப் பட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தலைகாட்டுகிறது. அரமும் அறமும் ஒன்று என்பவர்க்கே இது பொருந்தும். இடையினத்தையும் வல்லினத்தையும் குழப்பிக்கொண்டு சொல்லாராய்ச்சி செய்வது வீண்வேலை. படகு ‘தரிக்கும்’ இடத்து மரம் ஆதலால் தறி என்பாரும் அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

தறித்தல் என்றால் வெட்டுதல். தறித்து எடுத்த மரத்துண்டு தறி. அதை மண்ணில் நட்டால் கட்டுத்தறி. கன்றாப்பூர் இறைவனை 7ஆம் நூற்றாண்டில் அப்பர் நடுதறி என்றே பாடினார். கம்பன் வீட்டுக் கட்டுத்தறியை அறியாத தமிழர் இல்லை. யானை கட்டிய கந்து, வெளில் என்னும் சொற்கள் நூல்களோடு நின்றுவிட்டன; தறி மட்டும் வழக்கில் பிழைத்தது. பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல்லோடு திரும்பிய பஃறி என்னும் படகுகள், இலாயத்துக் குதிரைகள்போல் கழிக்கரையில் வரிசையாகக் கட்டுண்டு நிற்கின்றன. கழியிலும் கால்வாயிலும் கரை கையெட்டும் தொலைவு. அங்கே வேண்டியது பாரசீகத்திலிருந்து வந்த நங்கூரம் அன்று, தறி.

1806இல் தொடங்கி மரக்காணம் வரை நீண்ட பக்கிங்காம் கால்வாய் போன்ற மணற்கரையில் தறி அடிப்பது எளிய வேலையன்று. நிமிர்த்தி அடித்தால் இழுவையில் ஆடி ஆடிப் பிடுங்கிக்கொள்ளும். நீருக்கு எதிர்ப்புறம் சாய்த்து இறக்கி, கயிற்றைத் தரையையொட்டிப் போட வேண்டும். அணியத்துக்கு ஒன்று, அமரத்துக்கு ஒன்று என இரண்டு தறி. ஓதம் ஏறி இறங்கக் கயிற்றில் சற்று நெகிழ்வு. கயிற்றைத் தறியில் முடியாமல் சுற்றி மட்டும் மறுமுனையைப் படகுக்கே கொண்டுவந்து கட்டினால், கரையில் இறங்காமலே அவிழ்த்து விடலாம்.

ஆரணிக் குழித்தறியிலும் இதே ஏற்பாடுதான். பாவை எதிரே நட்ட மரத்துக்கு இழுத்துக் கட்டுகிறார்கள். கயிறு அம்மரத்தைச் சுற்றி நெசவாளரின் கைக்கெட்டும் இடத்துக்குத் திரும்பி வருகிறது. நெய்தது படமரத்தில் சுருளச் சுருள, அவர் குழியை விட்டு எழாமலே கயிற்றை நெகிழ்த்துகிறார். நட்ட மரம் இல்லையேல் பாவு விறைக்காது. விறைக்காத பாவில் நாடா ஓடாது. சினையின் பெயர் முதலுக்கு ஆனது இப்படித்தான். மண்ணில் எதையும் நடாத விசைத்தறியும் அந்தப் பெயரையே சுமக்கிறது.

எதிர்வாதங்களில் மதிக்கத்தக்கது ஒன்று உண்டு. அறுத்ததால் அறுவை, துணித்ததால் துணி. அதுபோல நெய்த துணியைத் தறித்து எடுக்கும் இடம் தறி ஆகலாமே என்பர். சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனாரையும் சான்றுக்கு அழைப்பர். ஆனால் அறுவை என்பது அறுக்கப்பட்ட பொருள். துணி என்பது துணிக்கப்பட்ட பொருள். அறுக்கும் இடமோ கருவியோ அன்று. அந்த வாய்பாட்டின்படியே தறி தறிக்கப்பட்ட பொருளாக வேண்டும். அது மரமன்றி வேறென்ன? அவர்கள் காட்டிய சான்று என் பக்கமே நிற்கிறது. மலையாளத்திலும் தறிக்குக என்றால் வெட்டுதல். நெசவுக்கருவியும் தறி, முளைக்கம்பும் தறி.

ஆரணியை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி செய்யாற்றிலும் செய்யாறு பாலாற்றிலும் கலக்கின்றன. பாலாறு கடல் சேரும் இடத்தில் பக்கிங்காம் கால்வாய் அதைக் குறுக்கிடுகிறது. அந்த நீர்வழியின் தலைமாட்டில் நெசவாளரும் கடைமாட்டில் படகோட்டியும் ஒரே சொல்லை இரு தொழிலுக்கு வைத்துக்கொண்டது தற்செயல் என்று நான் ஏற்கவில்லை. கன்றையும் களிற்றையும் கலத்தையும் கட்டியவர்கள் வைத்த பெயர் அது. நெசவு அதைப் பின்னர்தான் பெற்றது.