கொடி வந்து சேர்ந்த நாள்

2014 பிப்ரவரி 7 அன்று ரஷ்யாவின் சோச்சி நகரில் 22ஆம் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. தொடக்க விழா அணிவகுப்பில் ஒவ்வொரு நாடும் தன் கொடியோடு வந்துகொண்டிருக்க, நடுவே ஐந்து வளையங்கள் பொறித்த வெள்ளைக் கொடியின் பின்னால் மூன்று இளைஞர்கள் நடந்து வந்தனர். சிவா கேசவன், ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால். மூவரும் இந்தியர்கள். ஆனால் இந்தியா என்ற பெயர்ப்பலகை அவர்களுக்கு முன்னால் இல்லை. சுயேச்சை ஒலிம்பிக் பங்கேற்பாளர்கள் என்பதே அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்த நாடு.

மக்கள்தொகையில் உலகின் முன்வரிசையில் நிற்கும் தேசம் பனிக்களத்தில் ஒரு சிற்றூரைப் போன்றது. 1964இல் முதல்முறையாகச் சென்றதிலிருந்து 2022 வரை குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் பெயரால் களம் இறங்கியவர்களை எண்ணினால் இருபது பேரைத் தாண்டாது. பதக்கம் ஏதுமில்லை. ஆகவே இதை வெற்றிகளின் வரலாறாக எழுத வழியில்லை. ஒரு மனிதனுக்கும் அவன் தோளில் ஏறும் தேசத்தின் பெயருக்கும் உள்ள உறவின் வரலாறாக எழுதலாம். அந்த உறவைப் பற்றி யோசிக்க, பனியே பெய்யாத எங்கள் புதுவைக் கிராமங்கள் ஒன்றும் மோசமான இடமல்ல என்பது என் எண்ணம்.

பனி என்றால் எங்களுக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதுதான். குளிர்கால ஒலிம்பிக் நடக்கும் நாட்கள் இங்கே தை கழிந்து மாசி பிறக்கும் பின்பனிப் பருவம். திருக்காஞ்சியில் சங்கராபரணி ஆற்றங்கரை மாசிமகத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். ஐரோப்பாவில் வானிலிருந்து விழும் வெண்துகளுக்கும் நாம் அதே சொல்லைக் கொடுத்துவிட்டோம். தமிழில் இந்த விளையாட்டைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்த ஒரு சொல் கொஞ்சம் இடறத்தான் செய்கிறது.

கொடி என்ற சொல்லில் இங்கே அத்தகைய இடறல் கிடையாது. வில்லியனூரிலும் பாகூரிலும் இன்றைக்கும் உள்ளாட்சி அமைப்பின் பெயர் கொம்யூன் பஞ்சாயத்து. பாதி பிரெஞ்சு, பாதி இந்தியா. வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில்தான் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. அறிவிக்காதவர் இந்தியர். ஒரே தெருவில் ஒருவர் பிரெஞ்சுக்காரராகவும் அடுத்த வீட்டார் இந்தியராகவும் ஆன கதை அங்கிருந்து தொடங்குகிறது. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெறுபவரை 'சொல்தா' என்று அழைக்கும் ஊர்கள் இவை. தேசம் என்பது பிறப்போடு வருவது மட்டுமல்ல, ஒரு தாளில் கையெழுத்திட்டுத் தேர்ந்துகொள்வதாகவும் இருக்கக்கூடும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

குளிர்கால ஒலிம்பிக்கின் கதையும் பிரான்சில்தான் தொடங்குகிறது. 1924 ஜனவரி 25 முதல் பிப்ரவரி 5 வரை ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஷமோனியில் 16 நாடுகள் கூடின. அது ஒலிம்பிக் என்று பின்னாளில்தான் அங்கீகரிக்கப்பட்டது. அன்றைய சட்டப்படி ஷமோனி எந்தக் குடியரசோ அதே குடியரசின் ஆட்சியில்தான் பாகூரும் இருந்தது. புதுவையிலிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் கூட உண்டு. பனிச்சறுக்கில் இறங்கத்தான் ஒருவரும் இல்லை.

இந்தியா என்ற பெயர் மட்டும் ஷமோனியில் ஒலித்தது, வேறொரு வகையில். மலையேற்றத்துக்கான பரிசு 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் முயற்சியில் ஈடுபட்ட பிரிட்டிஷ் குழுவுக்கு அளிக்கப்பட்டது. அந்தக் குழு சிகரத்தை அடையவில்லை. 1922 ஜூன் 7 அன்று வடக்குக் கணவாய்ச் சரிவில் பனிப்பாறை சரிந்து சுமைதூக்கிகள் ஏழு பேர் புதைந்து மாண்டனர். பரிசு பெற்ற 21 பேரில் அந்த எழுவரும் அடக்கம். ஒலிம்பிக் ஏடுகளில் அவர்கள் இந்தியர்கள். கூர்க்கா படைவீரர் தேஜ்பீர் பூரா நேபாளத்தவர் என்று பதிவானார். குழுவின் துணைத்தலைவர் எட்வர்ட் ஸ்ட்ரட் நிறைவு விழாவில் எல்லோர் சார்பிலும் பரிசைப் பெற்றுக்கொண்டார். ஒரு பதக்கத்தை எவரெஸ்ட் உச்சிக்குக் கொண்டுபோவதாகவும் வாக்களித்தார். அந்த வாக்கு நிறைவேறியது 2012இல், கென்டன் கூல் என்ற பிரிட்டிஷ் மலையேறியின் கையால்.

ஷெர்பாக்களும் அவர்களை ஒத்த இமயமலை மக்களுமான அந்த எழுவரிடம் நீங்கள் எந்த நாட்டவர் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பனியில் மாண்ட பிறகு அவர்களுக்கு ஒரு தேசம் எழுதப்பட்டது. பனிக்களத்தில் இந்தியாவின் முதல் பதிவு இவ்வாறு தானாகத் தேர்ந்துகொள்ளாத மனிதர்களின் பெயரில் அமைந்துவிட்டதை எண்ணும்போது சற்று வேதனையாகவே இருக்கிறது. கோடைக்கால ஒலிம்பிக்கிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1900 பாரிஸில் இரண்டு வெள்ளி வென்ற, கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சார்ட் இந்தியரா பிரிட்டிஷாரா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் குளிர்கால வீரரும் எதிர்பார்க்கும் வகையினர் அல்லர். ஜெரமி புஜாகோவ்ஸ்கி போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். 1964இல் இன்ஸ்புரூக்கிலும் 1968இல் கிரனோபிளிலும் இந்திய அணி என்றால் அவர் ஒருவர்தான். பிறகு இருபது ஆண்டுகள் யாரும் போகவில்லை. 1988 கால்கரிக்கு மூன்று பேர் சென்றனர். அவர்களுள் ஷைலஜா குமார் குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் இந்தியப் பெண். ஸ்லாலம் பந்தயத்தில் 28ஆவதாக, கடைசியாக வந்தார். கடைசி என்பதைக் கேலியாகச் சொல்பவர்கள், அந்தப் பந்தயத்தில் கம்பங்களுக்கிடையே வளைந்து இறங்கும்போது பாதியிலேயே விழுந்து வெளியேறும் தேர்ந்த வீராங்கனைகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். அதே கால்கரியில்தான் ஜமைக்காவின் பாப்ஸ்லெட் வண்டி கவிழ்ந்தது. ஹாலிவுட் அதைப் படமாக்கிச் சிரிக்க வைத்தது. ஷைலஜாவுக்குப் படமும் இல்லை, நம்மில் பலருக்குப் பெயரும் தெரியாது. 1992இல் ஆல்பர்வில்லுக்கு இருவர் சென்று வந்தனர்.

அதன் பின்னர் வந்தவர்தான் சிவா கேசவன். 1981இல் மணாலிக்கருகே பிறந்தார். தந்தை கேரளத்தின் தலச்சேரியைச் சேர்ந்தவர். தாய் இத்தாலியப் பெண்மணி. அவர் தேர்ந்த விளையாட்டு லூஜ். மல்லாந்து படுத்து, கால்கள் முன்னே நீட்டியிருக்க, பிரேக்கே இல்லாத சிறு சறுக்குவண்டியில் பனிக்கட்டிக் கால்வாய்க்குள் மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இறங்குவது. நேரத்தை ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். தோளையும் கெண்டைக்காலையும் மிக மெல்ல அழுத்தித்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். அழுத்தம் சற்றுக் கூடினால் சுவரில் மோதல். 2010 வான்கூவர் போட்டிக்கான பயிற்சியில் ஜார்ஜிய நாட்டு வீரர் நோதார் குமாரிதாஷ்விலி, தொடக்க விழா நாளன்றே, தடத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார்.

இந்த விளையாட்டுக்கான தடம் இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. முன்னாள் உலகச் சாம்பியனான ஓர் ஆஸ்திரியர் நடத்திய முகாமில், சக்கரம் பொருத்திய வண்டியில்தான் கேசவன் முதலில் பழகினார். பின்னாளிலும் அவரது பயிற்சிக்களம் இமாச்சலத்து மலைச்சாலைதான். எதிரே லாரி வரும். ஆட்டுமந்தை குறுக்கே போகும். அவற்றுக்கிடையே தரையோடு தரையாகப் படுத்து இறங்கும் அந்த மனிதரின் காணொளியைப் பார்த்தவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பு அடங்கிவிடும்.

1998 நாகானோவில் பதினாறு வயதில் 28ஆம் இடம். ஒலிம்பிக் லூஜ் வரலாற்றில் அதுவரை அத்தனை இளையவர் எவருமில்லை. 2002இல் 33, 2006இல் 25, 2010இல் 29. ஆசியப் போட்டிகளில் தங்கமும் வென்றார். வண்டிக்கும் பயணத்துக்கும் அவரே பணம் தேடினார். வான்கூவருக்கு முன் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர்கள் சிலர் நிதி திரட்டித் தந்ததும் அதில் சேரும். தாய்வழியில் இத்தாலிக்காக இறங்கும் வாய்ப்பு வந்தது, மறுத்துவிட்டேன் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இத்தாலி லூஜில் பெரும் சக்தி. பயிற்சியாளர், தடம், வண்டி, சம்பளம் எல்லாம் உண்டு. 1962இல் தாளில் கையெழுத்திட்ட எங்கள் ஊர்க் குடும்பங்களில் பலவும் ஓய்வூதியத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் கணக்கிட்டே முடிவெடுத்தன. அதில் குறை காண நான் யார்? அதனாலேயே கேசவனின் மறுப்பு எனக்கு எளிதாகப் புரிவதில்லை. தேசபக்தி என்ற ஒரு சொல்லால் அதை மூடிவிட மனம் வரவில்லை.

இத்தகைய ஒருவரைத்தான் சோச்சியில் கொடியில்லாமல் நடக்க விட்டார்கள். இந்திய ஒலிம்பிக் சங்கத்தைச் சர்வதேசக் குழு 2012 டிசம்பரில் இடைநீக்கம் செய்திருந்தது. தேர்தல் நடைமுறை சாசனத்துக்கு முரணானது, ஊழல் குற்றச்சாட்டுக்கு உள்ளானவர்கள் பொறுப்புக்கு வருகிறார்கள் என்பது காரணம். திருத்திக்கொள்ள ஓராண்டுக்கு மேல் கிடைத்தது. மறுதேர்தலுக்குக் குறித்த நாள் 2014 பிப்ரவரி 9. தொடக்க விழாவுக்கு இரண்டே நாள் பிந்தியது! பத்து நாள் முன்னதாக வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று கேசவன் அப்போதே வெளிப்படையாக வருந்தினார். சென்னையைச் சேர்ந்த என். ராமச்சந்திரன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று தடை நீங்கியது. போட்டிகள் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாட்டின் தடை விலக்கப்பட்டது அதுவே முதல்முறை. பிப்ரவரி 16 ஞாயிறன்று வீரர்கள் குடியிருப்பில் மூவர்ணக் கொடி ஏறியது. நதீம் இக்பாலும் ஹிமான்ஷு தாக்கூரும் இந்தியராகப் பந்தயத்தில் இறங்கினர். கேசவனின் லூஜ் பந்தயமோ 8, 9 தேதிகளிலேயே முடிந்துவிட்டது. 37ஆம் இடம். மூவரில் நாடற்றவராகப் பதிவானவர் அவர் மட்டுமே.

வேறு நாட்டைக் கையிலேயே வைத்திருந்தும் மறுத்தவர் அவர் என்பதை இங்கே மறக்க முடியவில்லை.

அதே சோச்சியில் இதற்கு நேரெதிரான ஒரு நிகழ்வும் நடந்தது. கிழக்குத் திமோர் 2002இல்தான் முழு விடுதலை பெற்ற தீவு நாடு. போர்ச்சுகல் ஆண்டது, பின் இந்தோனேசியா 1975 முதல் 1999 வரை பிடித்து வைத்திருந்தது. பனி விழாத அந்த நாட்டின் கொடியோடு ஓர் இளைஞர் வந்தார். யோஹான் கூத் கொன்சால்வெஸ். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் திமோர்ப் பெண்மணி. பிரான்சில் வளர்ந்து ஆல்ப்ஸ் சரிவுகளில் பழகியவர், தாயின் நாட்டைத் தேர்ந்துகொண்டார். குளிர்கால ஒலிம்பிக்கில் அந்நாட்டின் முதல் வீரர் அவரே. ஸ்லாலம் பந்தயத்தை விழாமல் முடித்தார். 2018இலும் 2022இலும் மீண்டும் வந்தார். பாரிஸ் புறநகர்களில் வளரும் புதுவைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளை நினைக்காமல் அவர் கதையைப் படிக்க என்னால் இயலவில்லை. திமோர் தனி நாடானதால் அவருக்கு ஏந்த ஒரு கொடி இருந்தது. பிரெஞ்சிந்தியாவுக்கென்று ஒலிம்பிக் கொடி எந்நாளும் இருந்ததில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு முன்னிருப்பவை இரண்டு பெரிய கொடிகள் மட்டுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் ஆளுநர் வடம் பிடிப்பது பிரெஞ்சு ஆட்சிக்கால வழக்கம். கொடி மாறியும் வழக்கம் மாறவில்லை, இப்போது துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். தேருக்கு அரசின் கை தேவையா என்று நண்பர்களோடு வாதிட்டிருக்கிறேன். வடத்தில் அந்தக் கை இல்லாமல் தேர் நகரும், ஊர் ஒப்புக்கொள்ளாது என்பதே அவர்கள் பதில்.

கேசவன் 2018 பியோங்சாங்கில் மீண்டும் இந்தியாவின் பெயரில் இறங்கி 34ஆம் இடம் பெற்று விடைபெற்றார். 2020இல் அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. ஏடுகளில் அவருடைய ஆறு ஒலிம்பிக் வரிகளில் ஐந்தில் இந்தியா என்றும் ஒன்றில் சுயேச்சை என்றும் இருக்கிறது.

2022 பெய்ஜிங்கிற்கு ஒரே ஒருவர் சென்றார். காஷ்மீரின் தங்மர்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான். அவர் தந்தை குல்மர்க்கில் பனிச்சறுக்குச் சாதனங்களின் கடை நடத்தியவர். இம்முறை கொடி இருந்தது. ஆனால் கல்வான் மோதலில் ஈடுபட்ட சீனப் படை அதிகாரி ஒருவரைச் சுடர் ஏந்த வைத்ததைக் கண்டித்து, இந்திய அரசு தொடக்க, நிறைவு விழாக்களைப் புறக்கணித்தது. தூர்தர்ஷனும் அவற்றை ஒளிபரப்பவில்லை. அரசின் கோபம் நியாயமானதே. பிப்ரவரி 4 இரவு ஆரிஃப் கான் மூவர்ணக் கொடியை உயர்த்திப் பிடித்தபடி அரங்கத்துக்குள் நடந்து வந்தபோது அவருடைய நாட்டின் அரசுத் தொலைக்காட்சியில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது நாள் கழித்து, விடாது பனி பொழிந்துகொண்டிருந்த சரிவில் ஜெயன்ட் ஸ்லாலம் பந்தயம். புறப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முடிக்கவில்லை. அவர் இரண்டு சுற்றுகளையும் முடித்து 45ஆவதாக வந்தார்.