ஈஸ்ட் மரபணுக்களின் பொதுப் பதிவேடு

ஈஸ்ட் மரபணுத் தகவல்களை ஒரே இடத்தில் சேர்த்து எல்லோருக்கும் தரும் வழக்கம் இணையத்துக்கு மூத்தது. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் சாக்கரோமைசிஸ் செரிவிசியேயின் முதல் மரபணு வரைபடத்தை 1949இல் கார்ல் லிண்டெகிரன் வெளியிட்டார். பின்னர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ராபர்ட் மார்ட்டிமர் பல பத்தாண்டுகள் அதைப் புதுப்பித்து வந்தார். ஈஸ்ட் ரகங்களைச் சேமித்து, வேண்டிய ஆய்வகங்களுக்கு அனுப்பும் நிலையமும் அங்கே இயங்கியது.

1992இல் மூன்றாம் குரோமோசோமின் முழு வரிசை வெளியானது. உட்கரு கொண்ட உயிர்களில் முதன்முதலாக ஈஸ்டின் மொத்த மரபணுத்தொகுதியும் 1996இல் படித்து முடிக்கப்பட்டது: 16 குரோமோசோம்கள், ஏறத்தாழ 1.2 கோடி எழுத்துகள், 6,000 அளவில் மரபணுக்கள். அவற்றில் ஆயிரக்கணக்கானவை என்ன வேலை செய்கின்றன என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இந்தக் காலத்தில்தான் ஸ்டான்ஃபோர்டில், டேவிட் பாட்ஸ்டைன், மைக்கேல் செர்ரி ஆகியோரின் முயற்சியில், சாக்கரோமைசிஸ் ஜீனோம் டேட்டாபேஸ் உருவானது. அதன் உயிர்நாடி கணினி அன்று. ஆய்வுக்கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படித்து, எந்த மரபணுவைப் பற்றி எது நிறுவப்பட்டது என்று பதிந்த தொகுப்பாளர்கள்தான். பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பதே பெரும் வேலை. டியுபி1 என்ற மரபணு பல செயல்களை அடக்கிவைப்பது. அதனால் வெவ்வேறு கேள்விகளோடு தேடிய ஆய்வகங்கள் அதையே சிஒய்சி9, எஃப்எல்கே1, ஆர்ஓஎக்ஸ்4 என்று தனித்தனியாகக் கண்டுபிடித்துப் பெயரிட்டிருந்தன. பெயர் மாறினாலும் மரபணுவின் முகவரி மாறாது. ஒய்ஏஎல்001சி என்ற குறியீட்டில் ஒய் ஈஸ்டையும், ஏ முதல் குரோமோசோமையும், எல் அதன் இடக்கையையும் குறிக்கும். 001 குரோமோசோமின் இரு கைகளும் சேரும் இடத்திலிருந்து எண்ணிய வரிசை. சி, டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எது என்பது. தரவுத்தளம் எல்லாப் பெயர்களையும் இந்த முகவரியோடு கட்டிவைத்தது.

அதே பத்தாண்டில் ஜேம்ஸ் கேரல்ஸின் புரோட்டியோம் நிறுவனம் நடத்திய ஈஸ்ட் புரதத் தரவுத்தளமும் ஆய்வாளர்களிடையே நன்மதிப்புப் பெற்றிருந்தது. அந்நிறுவனத்தை இன்சைட் என்ற நிறுவனம் 2000இல் வாங்கிய பிறகு, அந்தத் தரவுத்தளம் கட்டணச் சேவையானது. பல ஆய்வகங்களுக்கு அது எட்டாமல் போனது உண்மையான இழப்பு. ஸ்டான்ஃபோர்டு தளமோ அமெரிக்க அரசின் ஆய்வு நிதியில் நடந்ததால் திறந்தே இருந்தது.

1998இல் ஈஸ்ட், பழ ஈ, எலி ஆகியவற்றின் தரவுத்தளங்கள் கூடி, ஜீன் ஆன்டாலஜி என்ற பொதுச் சொற்றொகுதியைத் தொடங்கின. மரபணுவின் விளைபொருள் என்ன செய்கிறது, எந்த நிகழ்வில் பங்கேற்கிறது, செல்லில் எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் எல்லா உயிரிகளுக்கும் ஒரே சொற்களில் எழுத இது வழிவகுத்தது. ஒவ்வொரு பதிவும் நேரடிச் சோதனையிலிருந்து வந்ததா, வரிசை ஒப்புமையில் ஊகித்ததா என்ற சான்றுக்குறியும் சேர்ந்தது. அந்தக் குறி இல்லாவிட்டால் ஊகம் மெல்ல உண்மையாகிவிடும்.

2002 அளவில், ஏறக்குறைய ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியே நீக்கிய ஈஸ்ட் ரகங்களின் தொகுப்பு நிறைவடைந்தது. ஐந்தில் ஒரு பங்கு மரபணுக்கள் இல்லாமல் செல் வாழாது என்று தெரிந்தது. 2003இல் நெருங்கிய ஈஸ்ட் இனங்களோடு ஒப்பிட்டபோது, மரபணு என்று குறித்திருந்த ஏறத்தாழ 500 இடங்கள் மரபணுவே அல்ல என்ற முடிவு வந்தது. தரவுத்தளம் அத்தகையவற்றை அழிக்காமல் ‘ஐயத்துக்குரியவை’ என்று தனியே பிரித்துவைத்தது. சோதனையில் உறுதியானவை ஒரு வகையாகவும், பணி இன்னும் தெரியாதவை மற்றொரு வகையாகவும் நின்றன. கடைசி வகையில் இன்றும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் உள்ளன.