இடிபாடுகளுக்கு அடியில்

மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து விழுந்தால், உள்ளே அகப்பட்டவர்களை வெளியே எடுப்பது எப்படி? ஆள்பலம் இருந்தால் போதும், அள்ளிப் போட்டுவிடலாம் என்றே நாம் நினைப்போம். லயத்து வீடுகளை விட்டு அடுக்குமாடிகளுக்குக் குடிபோன குடும்பங்கள் நம்மிடையே பல. ஆகவே இந்த வரலாறு நமக்கும் வேண்டியதுதான்.

1986 மார்ச் 15, சனிக்கிழமை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஆறு மாடி லியான் யாக் கட்டடம், முற்பகல் பதினொன்றரை மணி அளவில் ஒரு நிமிடத்திற்குள் தரைமட்டமாயிற்று. கீழே ஒரு வங்கி, மேலே நியூ வோர்ல்ட் ஹோட்டல். மீட்புப் படையினரோடு மண்வாரி இயந்திரங்களும் வந்து சேர்ந்தன. அங்கேதான் சிக்கல். பளுவான இயந்திரம் மேலே ஏறினால், கீழே இடுக்கில் மூச்சோடு கிடப்பவர் நசுங்கிவிடுவார். அப்போது எம்.ஆர்.டி. ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிபுணர்கள் சிலர் தாமாகவே முன்வந்தனர். இடிபாட்டுக்குள் சிறு சுரங்கங்கள் குடைந்து ஊர்ந்து போயினர். அவ்வப்போது எல்லா இயந்திரங்களும் நிறுத்தப்பட்டன. கூட்டம் வாய்மூடி நின்றது. ஒலியறியும் கருவிகள் முனகலைத் தேடின. 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். 33 பேர் மாண்டனர்.

காரணத்தை விசாரணைக் குழு கண்டறிந்தது. ஆட்கள், சாமான்கள் இவற்றின் பாரத்தைக் கணக்கிட்டவர்கள், கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தனர்! கேட்டால் நம்ப முடிகிறதா?

இதன் பிறகு, 1990இல், இடிபாட்டு மீட்புக்கென்றே பயிற்சி பெற்ற தனிக் குழுவைச் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை அமைத்தது.

மலேசியாவுக்கு அந்தப் பாடம் 1993 டிசம்பர் 11இல் வந்தது. பல நாள் மழைக்குப் பின் உலு கிள்ளானில் மலைச்சரிவு இளகியது. ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து விழ, 48 பேர் இறந்தனர். கானில் தண்ணீர் ஓடாவிட்டால் மேட்டு மண் என்ன ஆகும் என்பது தோட்டத்தில் வாழ்ந்த நமக்குத் தெரியாததா? இத்துயரத்திற்குப் பிறகுதான் தீயணைப்பு மீட்புப் படை, காவல் துறை, இராணுவம் ஆகிய மூன்றிலிருந்தும் ஆள் எடுத்து ‘ஸ்மார்ட்’ எனப்படும் சிறப்பு மீட்புக் குழு உருவாக்கப்பட்டது.

இத்தகைய குழுவில் ஐந்து பிரிவுகள் உண்டு: நிர்வாகம், தேடல், மீட்பு, மருத்துவம், தளவாடம். நம் தோட்டத்துப் பெரட்டு நினைவிருக்கிறதல்லவா? கிராணி செக்ரோலில் பெயர் பதிவதுபோல, இடிபாட்டுக்குள் போகிறவர், வருகிறவர் ஒவ்வொருவரும் பதியப்படுகிறார். மீட்க வந்தவரே உள்ளே தொலைந்துவிடக் கூடாது. மோப்ப நாயும் ஒலிக்கருவியும் இடத்தைக் காட்டிய பிறகு, சாயும் சுவருக்கு மரக்கட்டைகளை முட்டுக் கொடுக்கிறார்கள். மரம் முறியுமுன் சத்தம் கொடுத்து எச்சரிக்கும், அதனால்தான் மரம்.

மருத்துவர் எதற்கு உள்ளே போக வேண்டும்? கல்லுக்கு அடியில் பல மணி நேரம் அழுந்திய காலைச் சட்டென்று விடுவித்தால், நசுங்கிய தசையிலிருந்து நஞ்சு இரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்திவிடலாம். ஆகவே கல்லைத் தூக்குவதற்கு முன்பே நரம்பில் ஊசியேற்றி உப்பு நீர் செலுத்துகிறார்கள். அவசரத்தில் நாம் நல்லது என்று செய்வது எமனாக முடியும்.

ஊதலுக்கும் ஒழுங்கு உண்டு. நீண்ட ஒலி ஒன்று என்றால், வேலையை நிறுத்தி அமைதி காக்க வேண்டும். குறுகிய ஒலி மூன்று என்றால், உடனே வெளியேற வேண்டும். நீண்டது ஒன்றும் குறுகியது ஒன்றும் கேட்டால் மீண்டும் வேலை தொடங்கும். 1991இல் ஐக்கிய நாட்டு அமைப்பின் ஆதரவில் தோன்றிய சர்வதேச ஆலோசனைக் குழு இவ்விதிகளை வகுத்திருப்பதால், மொழி தெரியாத நாட்டவரும் சேர்ந்து உழைக்க முடிகிறது. 2023 பிப்ரவரியில் துருக்கியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, மலேசியாவின் ஸ்மார்ட் குழுவும் சிங்கப்பூர்க் குழுவும் அங்கே சென்றன. இத்தகைய குழுக்கள் சோறும் தண்ணீரும் கூடாரமும் தாங்களே கொண்டுபோக வேண்டும் என்பதும் அவ்விதிகளில் ஒன்று. வீடிழந்தவரிடம் போய் யாரும் பசிக்குக் கேட்பதில்லை.