மணலில் எழுதிய முதல் எழுத்து

கடந்த தவணையில் எங்கள் தரம் ஒன்று வகுப்பில் ஒரு பிள்ளை "அ" எழுதியது, அழித்தது. திரும்ப எழுதியது, திரும்ப அழித்தது. கடைசியில் தாள் கிழிந்துவிட்டது. கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அன்று முழுக்கப் பென்சிலைத் தொடவேயில்லை. முதல் நாள் அந்தக் கொப்பியில் சிவப்புப் பேனையால் பிழை போட்டவர்கள் நாங்கள்தான்.

அந்தக் கிழிந்த தாள்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

எங்கள் மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைப் பக்கம் ஏ9 வீதியில் கொஞ்சத் தூரம் போனால் அலுவிகாரை. 2000 வருடங்களுக்கு முன், வலகம்பா மன்னன் காலத்தில், பிக்குகள் மனப்பாடமாகக் காத்துவந்த திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்டது இங்கேதான் என்பது மரபு. இன்றும் அங்கே ஓலையில் எழுத்தாணியால் கீறி, மை பூசித் துடைத்துக் காட்டுவார்கள். ஆனால் ஓலையில் கீறியதை அழிக்க முடியாது. அப்படியென்றால் அந்தக் காலத்துச் சின்னப் பிள்ளைகள் எதில் எழுதிப் பழகினார்கள்?

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் அதற்கு விடை இருக்கிறது: மணல். தரையில் மணலைப் பரப்பி, எழுத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். பிழைத்தால் உள்ளங்கையால் ஒரு தடவு, மணல் பழையபடி. கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களைப் பார்த்துக்கொள்வான். நம் நாட்டில் யாழ்ப்பாணத்தார் ஆசிரியரையே "சட்டம்பியார்" என்று அழைத்திருக்கிறார்கள்.

இந்த மணல் கடல் கடந்தும் போயிருக்கிறது. 1789இல் சென்னை எழும்பூரில், இராணுவத்தினரின் அநாதை ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பாக வந்தார் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அன்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் சரிவராது என்றார்கள். அவர் அந்த வேலையை எட்டு வயது மாணவன் ஜோன் ஃபிரிஸ்கனிடம் கொடுத்தார். அவன் செய்து காட்டினான். 1797இல் பெல் இலண்டனில் இதை நூலாக வெளியிட, "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஜோசப் லங்காஸ்டரின் பள்ளிகளிலும் ஏழைப் பிள்ளைகள் மணலில் எழுதினார்கள். தாள் விலை கூடிய காலம். மணலுக்குச் செலவில்லை.

நம் வீடுகளிலும் இதற்கு உறவுண்டு. ஓதப் போன காலத்தில் லெப்பை மரப்பலகையில் அலிஃப், பே எழுதிக் கொடுப்பார், பாடம் வந்ததும் பலகையைக் கழுவிவிட்டு அடுத்ததை எழுதுவார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைக்கு விஜயதசமியன்று முதல் எழுத்து தட்டில் பரப்பிய அரிசியில். மணல், பலகை, அரிசி, பிறகு வந்த சிலேட்: எதிலும் பிழை தங்காது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. திண்ணைப் பள்ளியில் பிரம்பும் இருந்தது, பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்கும் அங்கே இடமில்லை. பிரம்பை விட்டுவிட்டு மணலை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே.

நாங்கள் செய்தது தலைகீழ். பிரம்புக்குப் பதில் சிவப்புப் பேனை வந்தது, மணல் காணாமல் போனது. முன்பள்ளிப் பிள்ளையிடமே "இன்றைக்கு எத்தனை பக்கம் எழுதினாய்?" என்று கேட்கிறோம். ஐந்து வயது விரல்களில் பென்சிலை அடக்கிப் பிடிக்கும் பலம் இன்னும் முழுதாக வந்திருக்காது. அதற்குள் தமிழும் அரபும் சிங்களமும் ஆங்கிலமும். ஒன்று வலமிருந்து இடம், மற்றவை இடமிருந்து வலம். எழுத்துத் திரும்பிப் போனால் அது சோம்பலல்ல.

அடுத்த நாள் ஒரு பழைய தட்டில் ஆற்று மணல் கொண்டுபோனோம். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு விரலை வைத்தது. "அ" கோணலாகத்தான் வந்தது. தானே தடவி அழித்துவிட்டுச் சிரித்தது. கொப்பிக்குத் திரும்ப இரண்டு கிழமை எடுத்தது. சிவப்புப் பேனை இப்போது மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

பெற்றோரே, கொப்பி வாங்கும்போது ஒரு தட்டு மணலும் வீட்டில் வையுங்கள். உங்கள் உம்மம்மா, அப்பா எதில் எழுதிப் பழகினார்கள் என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள். கேட்டதைக் கீழே எழுதுங்கள். நாங்களும் படிக்கக் காத்திருக்கிறோம்.