‘ட்ஸ்’ பிறந்த கதை

விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் எந்தப் பாட்டு ஓடினாலும், நாலு தெரு தள்ளி நிற்பவருக்கு முதலில் கேட்பது பாடுபவரின் குரலும் ‘ட்ஸ் ட்ஸ்’ சத்தமும்தான். பேஸ் அந்தக் குழாயிலிருந்து சரியாக வெளியே வருவதே இல்லை. அந்த ‘ட்ஸ்’தான் ஹை-ஹேட்.

பிறப்பில் அது வெண்கலம். காலால் மிதித்தால் ஒன்றோடொன்று மோதும் இரண்டு தட்டுகள். 1920களில் அமெரிக்க டிரம் வாசிப்பவர்களிடம் உருவானது. கோயிலில் ஜால்ரா தட்டுகிறவர் கையால் செய்ததை இவர்கள் காலுக்கு மாற்றினார்கள், அவ்வளவே. கதை சுவாரசியமாவது 1980இல்.

அந்த ஆண்டில் அமெரிக்காவில் ரோஜர் லின் எல்.எம்.-1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். நிஜ டிரம் ஒலியையே பதிந்து சிப்பில் ஏற்றியிருந்தார். விலை ஏறக்குறைய 5,000 டாலர். நினைவகச் சிப் அவ்வளவு விலை விற்ற காலம் அது. நீண்டு ஒலிக்கும் பெரிய சிம்பலுக்கு அதில் இடமே கொடுக்கவில்லை. அதே ஆண்டு ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர்.-808ஐ அதில் கால் பங்கு விலைக்கு விற்றது. அந்த விலையில் பதிவு செய்த ஒலி கட்டுப்படியாகாது. உலோகச் சத்தத்தை மின்சுற்றிலேயே உண்டாக்க வேண்டியிருந்தது.

வீணைத் தந்தியில் ஒரு சுருதி பேசும். உலோகத் தட்டில் பல சுருதிகள் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று சேராமல் பேசும். 808ஐ வடிவமைத்தவர்கள் அந்தச் சேராமையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சுமார் 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை, வேண்டுமென்றே இசையாத ஆறு சதுர அலைகளை ஒன்றாகக் கொட்டினார்கள். அடிப்பகுதியை வடிகட்டி வெட்டிவிட்டு மேலே சிதறும் கூர்மையை மட்டும் வெளியே விட்டார்கள். சட்டென்று அணைந்தால் மூடிய ஹேட், இழுத்து ஒலித்தால் திறந்த ஹேட். மூடியது ஒலித்ததும் திறந்தது அடங்கிவிடும். மிதித்த கால் செய்யும் வேலையைச் சுற்றே செய்தது.

ஹை-ஹேட் மிக்சிங்கில் பாதி வேலையை 808 அந்தச் சுற்றுக்குள்ளேயே முடித்துவிட்டது என்பது என் கட்சி. நிஜ ஹேட்டுக்கு மைக் வைத்தால் பக்கத்து ஸ்னேரும் கிக்கும் கூடவே நுழையும். 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியே தீர வேண்டும். 808 ஹேட்டில் வெட்டுவதற்கு அடியே இல்லை. வெண்கலம் போலக் கேட்கவில்லை என்று குறை சொன்னவர்கள் இந்த லாபத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சுமார் 12,000 மெஷின்களோடு 1983இல் தயாரிப்பு நின்றது. பழைய பொருள் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைத்ததால்தான் ஹிப்ஹாப், டெக்னோ இளைஞர்கள் கைக்கு அது வந்தது. அதற்கு முன்பே பம்பாயில் ஒருவர் அதை ராகத்தோடு கட்டியிருந்தார். சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் எச்.எம்.வி.க்குப் பதிந்தார். அன்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2010இல் மறுபடி வெளிவந்தபோது உலகம் வியந்தது. தமிழில் 1986இல் ‘புன்னகை மன்னன்’ படம் கம்ப்யூட்டர் இசைக்காகப் பேசப்பட்டது.

இன்று லேப்டாப்பில் ஹேட் போடுகிறவருக்குப் பெரிய தொல்லை பாட்டின் ‘ஸ’, ‘ச’ ஒலிகள்தான். ஹேட்டும் அவையும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரே திண்ணையில் உட்கார இடம் கேட்கும். குரல் வரும்போது மட்டும் அந்த இடத்தில் ஹேட்டைத் தாழ்த்தலாம். கொஞ்சம் இடமோ வலமோ ஒதுக்கலாம். எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுந்தால் தையல் மெஷின்தான். ஒன்றுவிட்டு ஒன்றைத் தணிக்க வேண்டும். ஒலியைக் கூட்டுவது கடைசி யோசனையாக இருக்கட்டும்.

சிவகாசிப் பக்கத்தில் இசை செய்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. வெடிச் சத்தத்துக்கு விதித்த வரம்பு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். அந்த அளவு காதுக்குக் குறைவல்ல. பலத்த சத்தம் முதலில் அடிப்பது 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய கேட்கும் திறனை. ஹேட்டின் கூர்மையில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. தீபாவளி இரவு வெடித்துவிட்டு வந்து மிக்சிங்குக்கு உட்கார்ந்தால் ஹேட் மங்கலாகக் கேட்கும், கை தானாக ஏற்றிவிடும். காது தேறிய பிறகு போட்டுக் கேட்டால் பாட்டு முழுக்க ‘ட்ஸ் ட்ஸ்’ஸாக இருக்கும்.